ஏழாம் குழியில் ஓர் அங்குலம்

இவ்வாண்டு நடந்த வைத்திலிங்கம் நினைவுக் கோல்ஃப் போட்டியில் ஏழாம் குழியருகே எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். நில அளவைத் துறையின் இளம் அதிகாரி ஒருவர் தீப்பெட்டி அளவுள்ள ஒரு கருவியைப் பந்தின் அருகே வைத்துப் பொத்தானை அழுத்தினார். சிவப்புப் புள்ளி ஒன்று கொடிக்கம்பில் விழுந்தது. தூரம் எண்களாகத் தோன்றியது. மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை.

"ஐயா, உங்க காலத்துல இதை எப்படி அளந்தீங்க?" என்று கேட்டார்.

"எஃகு நாடாவால், இரண்டு பேர்" என்றேன்.

"ஓய்வு பெற்றவர்கள் மலருக்கு அதை எழுதிக் கொடுங்களேன். இங்க யாருக்குமே தெரியாது."

ஒப்புக்கொண்டேன். நாற்பது ஆண்டுகள் இத்துறையில் பணியாற்றியவன் நான். என் கையெழுத்திட்ட வரைபடங்களின்மீது இதுவரை எந்த நீதிமன்றமும் கேள்வி எழுப்பியதில்லை. அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை. ஆனால் அந்த நாற்பது ஆண்டுகளில் என்னை உண்மையாகவே வியப்பில் ஆழ்த்திய ஒரு பிற்பகலைப் பற்றி எழுத வேண்டுமானால், என் பெயருக்கு அழகு சேர்க்காத ஒன்றையும் சேர்த்தே எழுதியாக வேண்டும்.

சென்னையில் கணிதம் பயின்று பட்டம் பெற்று, மலாயா திரும்பி, மலாக்கா நில அளவை அலுவலகத்தில் சேர்ந்தேன். முதலாண்டு கணக்கீட்டு மேசை, அடுத்த இரண்டு ஆண்டுகள் களம், பிறகு தேர்வு, பிறகு தனிப் பொறுப்பு. பயிற்சியைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, ஒரே ஒரு பாடத்தைத் தவிர. அதை மட்டும் விளக்க வேண்டும். மற்றதெல்லாம் அதன்மேல்தான் நிற்கிறது.

நிலம் மேடு பள்ளமாக இருக்கும், வரைபடமோ தட்டையானது. மலைச்சரிவில் உள்ள ரப்பர் தோட்டத்தைச் சரிவின் மேலேயே அளந்தால் நிலம் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். எனவே சரிவில் நாடாவைத் தரையோடு போடுவதில்லை. மேட்டில் இருப்பவர் நாடாவைத் தரையில் வைப்பார். பள்ளத்தில் மறுமுனையைப் பிடிக்கும் உதவியாளரான சங்கிலிக்காரர் தம் முனையை உயர்த்தி, நாடா முழுவதும் ஒரே மட்டத்தில் நிற்கும்படி பிடிப்பார். அந்த முனையிலிருந்து ஒரு தூக்குக்குண்டு நூலில் தொங்கி, தரையிலுள்ள புள்ளியைச் சுட்டும். அளப்பவர் "ராத்தா!" என்று கூவுவார், மலாயில் 'மட்டம்' என்று பொருள். குண்டு ஆடாமல் நின்றதும் சங்கிலிக்காரர் "சியாப்!" என்று பதில் தருவார், 'தயார்'. அந்தச் சொல் வந்த பிறகே எண்ணைப் படிக்க வேண்டும். இந்த இரண்டு சொற்களையும் நாளொன்றுக்கு நூறு முறையாவது கூவியிருப்போம். நாளடைவில் அவை மனத்தைக் கேட்காமலே வாயிலிருந்து வரத் தொடங்கிவிடும்.

எனக்கு மூத்த அளவையாளராக இருந்தவர் வைத்திலிங்கம் பிள்ளை, அலுவலகத்தில் எல்லோருக்கும் லிங்கம். மலாக்காவின் காஜா பெராங்கில் பல தலைமுறைகளாக வாழ்ந்து, மலாயையே வீட்டு மொழியாக்கிக்கொண்ட செட்டி சமூகத்தைச் சேர்ந்தவர். நான் குடியிருந்த வாடகை வீட்டுக்கு இரண்டு சந்து தள்ளி அவர் வீடு. முதல் நாள் நான் என்னை இலக்கணத் தமிழில் அறிமுகப்படுத்திக்கொண்டேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டு, "தம்பி" என்று ஒரே ஒரு தமிழ்ச் சொல்லைச் சொல்லி, மீதியை மலாயில் பேசினார். நெற்றியில் திருநீறு; வாயில் மலாய். அதை ஒரு குறையாக எண்ணிய இளமை எனக்கு இருந்தது. அவரோடு களத்துக்குப் போன முதல் வாரத்திலேயே அந்த எண்ணம் போய்விட்டது.

புக்கிட் ரம்பாய்ப் பக்கம் ஒரு தென்னந்தோப்பை அளந்துகொண்டிருந்தோம். அவர் இடுப்பில் கைவைத்தபடி நின்று, தொலைவில் தெரிந்த எல்லைக் கல்லைப் பார்த்தார்.

"தம்பி, அந்தக் கல் எத்தனை அடி இருக்கும்?"

"நாடா போட்டால் தெரியும்."

"நாடா எனக்கும் தெரியும். கண்ணு என்ன சொல்லுது?"

"முந்நூற்றைம்பது?"

"முந்நூற்றுப் பதினெட்டு" என்றார்.

நாடா போட்டோம். முந்நூற்றுப் பதினேழரை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவரோ அரை அடி தவறியதற்காக நாள் முழுவதும் தம்மையே நொந்துகொண்டார். அவருடைய சங்கிலிக்காரர் ஹமிட்தான் ஆறுதல் சொன்னார்: "கல்லு அரை அடி நகர்ந்திருக்கும், துவான். உங்க கண்ணு எப்படித் தப்பும்?" 'துவான்' என்றால் மலாயில் 'ஐயா'.

ஹமிட், உஜோங் பாசிர்க் கடற்கரைக்காரர். என் வயதுதான். பள்ளிக்கூடத்தை நான்காம் வகுப்போடு விட்டவர். சங்கிலிக்காரர் என்பது எங்கள் துறையின் கடைசிப் படி. நாடாவைச் சுமப்பது, காடு வெட்டுவது, கல் நடுவது, மாலையில் நாடாவைத் துடைத்து எண்ணெய் தடவிச் சுருட்டி வைப்பது ஆகியவை அவர் வேலை. நாடாவுக்குப் பொறுப்பாளி அவரே. அது கெட்டால் கேள்வி அவரைத்தான் சேரும்.

லிங்கத்தைக் கோல்ஃப் ஆட்டத்துக்குள் கொண்டுவந்தது அந்தக் கண்தான். ஊருக்கு வெளியே இருந்த ஒரு கோல்ஃப் மன்றத்தின் எல்லையைத் திரும்ப அளக்கும் பணி எங்களுக்கு வந்தது. எங்கள் கண்காணிப்பாளரான ஆங்கிலேயர் திரு. கார்வெல் அந்த மன்றத்தின் உறுப்பினர். ஒருநாள் மாலை ஆடிக்கொண்டிருந்தவர், வேலியோரம் நின்ற லிங்கத்தைப் பார்த்து, விளையாட்டாக, கொடி எவ்வளவு தூரம் என்று கேட்டார். "நூற்று நாற்பத்தொரு கெஜம், துவான். ஆனால் காற்று எதிரே வருகிறது" என்றார் லிங்கம். கார்வெல் கையிலிருந்த மட்டையை மாற்றிக்கொண்டு அடித்தார். பந்து கொடிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. மறுநாள் லிங்கத்தின் மேசைமேல் ஒரு பழைய இரும்பு மட்டை இருந்தது. கடிதமோ குறிப்போ எதுவும் இல்லை. கார்வெல் கொடுக்கும் முறை அப்படித்தான்.

அதன் பிறகு ஞாயிறுகளில் அலை வற்றிய நேரம் உஜோங் பாசிர் மணலில் லிங்கமும் ஹமிட்டும் அந்த ஒரே மட்டையை மாற்றி மாற்றிப் பிடித்துப் பந்தடித்தார்கள். நண்டு வளைகள்தான் குழிகள். ஓரிரு முறை நானும் போய்ப் பார்த்திருக்கிறேன். லிங்கம் தூரம் சொல்வார். ஹமிட் அந்தத் தூரத்துக்கு அடிப்பார். பேச்சே இருக்காது. ஒருவருடைய கண்ணும் இன்னொருவருடைய தோளும் சேர்ந்து ஒரே ஆளாகிவிட்டதுபோல் இருக்கும். மன்றத்துக்குள் போய் ஆடும் உரிமை அப்போது இருவருக்குமே இல்லை.

லிங்கத்துக்கு நுரையீரலில் நோய் கண்டது. மெர்டேக்கா, அதாவது நாட்டு விடுதலை, வருவதற்குச் சில மாதங்களுக்கு முன் மருத்துவமனையின் காசநோய்ப் பிரிவில் காலமானார். அங்கே கட்டில் போதாமல் நடைவழியில் பாய் விரித்துக் கிடந்தவர்கள் பலர். லிங்கமும் முதல் பத்து நாள் பாயில்தான் கிடந்தார். நான் போனபோது அவருக்குப் பேச மூச்சில்லை. வாசல் கதவைக் காட்டி விரல்களால் எண்ணைச் சொன்னார்: அறுபத்திரண்டு. பக்கத்தில் இருந்த ஹமிட் எழுந்து, அடிமேல் அடி வைத்துக் கதவுவரை நடந்தார். திரும்பி வந்து, "அறுபத்திரண்டு, துவான்" என்றார். அது உண்மையா, ஹமிட்டின் அன்பா என்று எனக்கு ஐயம். போகும்போது நானும் அளந்து நடந்தேன். அறுபத்திரண்டுதான்.

மறு ஆண்டு கார்வெல் தாயகம் திரும்ப வேண்டியிருந்தது. போவதற்கு முன் ஒன்றைச் செய்துவிட்டுப் போக விரும்பினார். அந்தக் காசநோய்ப் பிரிவுக்குக் கட்டில்களும் மெத்தைகளும் வாங்க, லிங்கத்தின் பெயரில் ஓர் அறப்போட்டி. மன்றத்தின் செயற்குழுவிடம் அவர் என்ன பேசினாரோ தெரியாது. அன்று ஒருநாள் எங்கள் அலுவலகத்தார் அனைவரும், சங்கிலிக்காரர்கள் உட்பட, மன்றத்துள் நுழையலாம், ஆடலாம் என்று முடிவாயிற்று. பதினெட்டுக் குழிகளையும் ஆடத் தெரிந்தவர்கள் எங்களில் ஓரிருவரே. எனவே வெள்ளிக் கோப்பை மொத்த ஆட்டத்துக்கு அல்ல என்றும் தீர்மானித்தார்கள். ஏழாம் குழியில் ஆளுக்கு ஒரே அடி. யாருடைய பந்து குழிக்கு மிக அருகில் நிற்கிறதோ அவருக்குக் கோப்பை. அதில் பொறிக்கப்படும் முதல் பெயர் அவருடையது. தூரத்தையே உயிராகக் கொண்ட மனிதருக்கு அதைவிடப் பொருத்தமான போட்டி இல்லை. தூரத்தை அளக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள்.

கார்வெலைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவர் ஒருபோதும் குரலை உயர்த்தியவர் அல்லர். சனிக்கிழமைகளில் எங்கள் களப்புத்தகங்களைப் பச்சை மையால் பார்ப்பார். பிழை இருந்தால் அதன் பக்கத்தில் ஒரு சிறு புள்ளி வைப்பார். என்ன பிழை என்று சொல்லமாட்டார். புத்தகத்தை மூடி, எழுதியவன் பக்கம் நகர்த்திவிட்டு ஜன்னலைப் பார்ப்பார். நாமாகக் கண்டுபிடித்துச் சொல்லும்வரை அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருப்பார். திட்டு வாங்கியிருந்தால் மறந்திருப்போம். அந்த மௌனத்தை எவரும் மறக்கவில்லை.

போட்டி நாளான சனிக்கிழமை பிற்பகல் மன்றத்தின் முன்வாசல் வழியாக நுழைந்தோம். வரைபட அறையைச் சேர்ந்த சவரிமுத்து என் பக்கத்தில் நடந்து வந்தார். வாய் சும்மா இருக்காத மனிதர்.

"சார், இந்த இடத்துக்கு எல்லைக் கல்லு நட்டது யாரு? நாம. உள்ள வர்றதுக்கு நாடே மெர்டேக்கா வாங்க வேண்டியதாப் போச்சு, பார்த்தீங்களா!"

"மெதுவாகப் பேசும்."

"மெதுவாத்தான் பேசுறேன். புல்லு கூட இங்கே மெதுவாத்தான் வளருது."

நான் சிரிக்கவில்லை. ஆனால் அந்தப் பச்சையைப் பார்த்து எனக்கும் பேச்சு அடங்கிப்போனது. வேலிக்கு வெளியே நின்று கோணங்களாகவும் எண்களாகவும் மட்டுமே நான் அறிந்திருந்த நிலம் அது. உள்ளே நின்று பார்த்தபோது அது மூச்சு விடுவதுபோல் இருந்தது. ஒருவர் பந்தின்மேல் குனிந்தால் நூறு பேர் பேச்சை நிறுத்தினார்கள். கோவிலில் தீபாராதனை நேரத்திலும் அத்தகைய அமைதியை நான் கண்டதில்லை.

லிங்கத்தின் மனைவி சரோங்-கெபாயா உடையில் முன்வரிசையில் அமர்ந்திருந்தார். ஹமிட் அவர் கொடுத்திருந்த லிங்கத்தின் வெள்ளைக் காற்சட்டையை அணிந்து வந்திருந்தார். நீளம் அதிகம், கணுக்காலில் மூன்று மடிப்பு.

"மிட், அதை வெட்டித் தைக்கச் சொன்னேனே!" என்றார் அந்த அம்மையார் மலாயில்.

"வெட்டினா அவர் திரும்பி வந்து கேட்பார், அக்கா. 'என் காற்சட்டை எத்தனை அங்குலம் குறையுது'ன்னு பார்த்தவுடனே சொல்லிடுவார்."

அந்த அம்மையார் சிரித்தார். பிறகு கைக்குட்டையை எடுத்தார்.

ஏழாம் குழி ஒரு குன்றின் அடியில் இருக்கிறது. குழியைச் சுற்றி முன்பக்கம் சமதரை. பின்பக்கம் புல்தரை குன்றோடு சேர்ந்து மேலேறும். நான் குழியருகே நின்றேன். ஒவ்வொரு பந்து நின்ற இடத்திலும் ஒரு மர முளையை அடித்துவிட்டுப் பந்தைத் திருப்பிக் கொடுத்தேன். எங்கள் தொழில் வழக்கம் அது. முளை இல்லாத புள்ளியை நாங்கள் புள்ளியாகவே மதிப்பதில்லை.

ஹமிட் பன்னிரண்டாவதாக ஆடினார். மட்டையைத் தோளுக்குக் கொண்டுபோன அந்த நொடியில், கடற்கரையில் அவர் பக்கத்தில் நின்ற லிங்கத்தின் கண்ணும் அங்கே இருந்ததாகவே எனக்குப் பட்டது. பந்து எழுந்து, நின்று, விழுந்தது. சமதரையில் இருமுறை துள்ளி நின்றுவிட்டது. அளந்தேன்: பதினைந்து அடி மூன்று அங்குலம். அதுவரை இருபது அடிக்குள் ஒருவரும் வரவில்லை.

அதன் பிறகு ஹமிட் என் பக்கத்திலேயே நின்றுகொண்டார். அடுத்த அளவைக்கு நான் என்னையறியாமல் நாடாவின் வளைய முனையை அவரிடம் நீட்டினேன். அவரும் என்னவென்று கேட்காமல் வாங்கிக்கொண்டார். போட்டியாளர் ஒருவரே நாடாவைப் பிடிப்பது முறையல்ல என்று எனக்கோ அங்கிருந்த வேறு எவருக்குமோ தோன்றவில்லை. எத்தனையோ ஆண்டுகளாக அந்த வளையம் அவர் கையில்தான் இருந்தது.

கடைசியாகக் கார்வெல் ஆடினார். அவர் பந்து குழியைத் தாண்டி, பின்பக்க ஏற்றத்தில் மோதி, உருண்டு திரும்பாமல் மேலேயே தங்கிவிட்டது. கண்ணுக்குப் பார்த்தால் ஹமிட்டின் தூரமும் அதுவும் ஒன்றுபோலவே இருந்தன. ஆட்டக்காரர்கள் எல்லோரும் சுற்றி வந்து வட்டமாக நின்றார்கள். தோட்ட முதலாளிகள், அரசாங்க அதிகாரிகள், அவர்களுடைய மனைவிமார். அத்தனை பேர் நடுவே ஆசிய அளவையாளனான நான் நாடாவோடு நின்றேன்.

அந்தக் கணத்தை நான் விரும்பினேன் என்பதை மறைக்க மாட்டேன்.

ஏற்றத்தில் ஏறி, முளையருகே நாடாவைத் தரையில் வைத்தேன். கீழே குழியருகே ஹமிட் மண்டியிட்டார். என் வாய் "ராத்தா!" என்று கூவியது.

ஹமிட் தலையை உயர்த்தி என்னைப் பார்த்தார். ஒரே ஒரு கணம். பிறகு வளைய முனையை உயர்த்தினார். சட்டைப்பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்துத் தொங்கவிட்டார். குண்டின் முனை குழியின் விளிம்புக்கு நேரே வந்து, ஆடி, அடங்கி, நின்றது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மத்தியில் ஒரு வியப்பொலி எழுந்தது.

"சியாப்" என்றார் ஹமிட்.

படித்தேன்: பதினைந்து அடி இரண்டு அங்குலம். கைதட்டல் எழுந்தது. ஓர் அங்குலத்தில் கோப்பை கார்வெலுக்கு.

மன்றத்தின் முகப்பு மண்டபத்தில் தேநீர் வழங்கினார்கள். மன்றச் செயலாளர் கோப்பையில் பொறிக்க வேண்டிய பெயரை எழுதிக்கொண்டிருந்தார். நான் ஒரு மூலையில் அமர்ந்து, வழக்கப்படி, களப்புத்தகத்தில் கடைசி அளவையின் வரைபடத்தைப் போட்டேன். மட்டத் தூரம் என்ற கட்டத்தில் பதினைந்து அடி இரண்டு அங்குலம் என எழுதினேன். உயர வேறுபாடு என்ற கட்டத்தில், ஹமிட் வளையத்தை உயர்த்திய அளவு, இரண்டே கால் அடி என எழுதினேன். எழுதியதும் கை நின்றுவிட்டது.

நான் அளந்திருந்தது வரைபடத் தூரம். கோல்ஃப் பந்துக்கு வரைபடம் கிடையாது. அது நிற்கும் இடத்துக்கும் குழிக்கும் நேரே நாடாவை இழுக்க வேண்டும். கணிதம் படித்தவனுக்கு அதற்கு மேல் முளையருகே போகவேண்டிய தேவையில்லை. ஓரத்தில் கணக்குப் போட்டேன். பதினைந்து அடி நான்கு அங்குலம். மறுபடியும் போட்டேன். அதே விடை. ஹமிட்டின் பந்தே குழிக்கு அருகில் நின்ற பந்து. கோப்பையில் வரவேண்டிய பெயர் ஹமிட்டினுடையது.

"சார், கறி பப்ஸ் ஆறுது. என்ன, இங்கயும் கணக்கா?" என்று சவரிமுத்து தட்டை நீட்டினார். எழுந்து நேரே கார்வெலிடம் போனேன்.

களப்புத்தகத்தை நீட்டினேன். அவர் அதை நின்றபடியே பார்த்தார்.

"சரிவில் எவ்வளவு?"

"பதினைந்து அடி நான்கு, சார்."

"ஹமிட்டுடையது?"

"பதினைந்து மூன்று. சமதரை."

புத்தகத்தை மூடினார். "வேறு யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது, சார்."

"ஹமிட்டுக்கு?"

"நான் அவரிடம் சொல்லவில்லை, சார்."

"நான் கேட்டது அது அல்ல, மிஸ்டர் நடேசன்" என்றார். "அவரிடம் போய்ச் சொல்லுங்கள். முதலில் தெரிய வேண்டியவர் அவர்தான். பிறகு எல்லோர் முன்னிலையிலும் திரும்ப அளப்போம்."

சங்கிலிக்காரர்கள் சமையற்கட்டின் பின்புறம் மரத்தடியில் உட்கார்ந்து நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஹமிட்டைத் தனியே அழைத்துச் சொன்னேன். அவர் விரலை வாழையிலையில் துடைத்தார்.

"தெரியும், துவான்."

"எப்போது தெரிந்தது?"

"நீங்க 'ராத்தா'ன்னு சொன்னப்பவே. லிங்கத் துவானும் நானும் கடற்கரையில எத்தனை தடவை அளந்திருக்கோம்! பந்துக்கு ராத்தா கிடையாதே."

"தெரிந்திருந்துமா உயர்த்திப் பிடித்தீர்? கொஞ்சம் தாழ்த்தியிருந்தால் உமக்கே கோப்பை. ஒருவருக்கும் தெரிந்திருக்காது."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபமில்லை. சிறு பிள்ளையிடம் பேசும் நிதானம் இருந்தது.

"துவான், கூப்பிடுறது உங்க வேலை. பிடிக்கிறது என் வேலை. எனக்கு வேணுங்கிற பக்கம் நான் நாடாவைச் சாய்ச்சா, நான் இதுவரை பிடிச்ச நாடாவெல்லாம் என்ன ஆகும்? மலாக்காவுல எந்தக் கல்லை நம்புறது?"

கல்லூரியில் நான் பெரிய மேதைகளின் தேற்றங்களைப் படித்திருக்கிறேன். அவற்றில் எதுவும் அந்த மரத்தடியில் கேட்டதுபோல் என்னை அசைத்ததில்லை.

மீண்டும் எல்லோரும் ஏழாம் குழிக்கு வந்தார்கள். முளைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. கார்வெலின் நண்பரான ஒரு தோட்ட முதலாளி, கையில் தேநீர்க் கோப்பையோடு, உரக்கச் சிரித்தார்.

"என்ன கார்வெல், உன் ஆட்களுக்குப் பதினைந்து அடியை ஒரே தடவையில் அளக்கத் தெரியாதா? என் தோட்டத்து எல்லையை இவர்கள்தானே அளந்தார்கள்! அடுத்த மாதம் முதல் அலுவலகமே இவர்கள் கையில் என்று வேறு சொல்கிறாய்."

சிலர் சிரித்தார்கள். எங்களவர் ஒருவரும் சிரிக்கவில்லை. சவரிமுத்துகூடத் தலையைக் குனிந்துகொண்டார். எல்லாக் கண்களும் என்மேல். நான் சொல்ல வேண்டியது மூன்றே சொற்கள்: பிழை என்னுடையது, ஐயா. புதிதாகப் பிறந்த நாட்டின் மானத்தையே நான் அங்கே காத்து நிற்பதாக அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காத்தது என் மானத்தை மட்டும்தான்.

"பீத்தா லாமா, துவான்" என்றது ஒரு குரல். பழைய நாடா.

ஹமிட் முன்னால் வந்து நின்றார். காற்சட்டையின் ஒரு மடிப்பு அவிழ்ந்து புல்லில் புரண்டது.

"நாடா பழசு, துவான். மேட்டுல இழுத்தா நீளும். அதைப் பார்த்துக்கிறது நான்தான். என் தப்பு."

கார்வெல் என்னை நோக்கினார். சனிக்கிழமைகளில் ஜன்னலைப் பார்க்கும் அதே முகம், அப்போது என் பக்கம் திரும்பியிருந்தது. அவர் காத்திருந்தார். நான் வாய் திறக்கவில்லை.

பிறகு அவர் மேலங்கியைக் கழற்றி நண்பரிடம் கொடுத்துவிட்டு, குழியருகே போய்ப் புல்லில் மண்டியிட்டார். "வெற்றி பெறுபவர் நாடாவைப் பிடிக்கக் கூடாது, ஹமிட்" என்று மலாயில் சொல்லி, கையை நீட்டினார். ஹமிட் வளைய முனையை அந்தக் கையில் வைத்தார். மலாக்கா முழுவதற்கும் நில அளவைக் கண்காணிப்பாளரான அவர், சங்கிலிக்காரரின் இடத்தில் மண்டியிட்டு என் உத்தரவுக்குக் காத்திருந்தார். சுற்றி நின்ற அவர் இனத்தவர் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

"தரையோடு, சார்" என்றேன்.

"சியாப்" என்றார் கார்வெல்.

பதினைந்து அடி நான்கு அங்குலம்.

லிங்கத்தின் மனைவி கோப்பையை ஹமிட்டின் கையில் கொடுத்தார். எங்கள் சங்கிலிக்காரர்கள் எழுப்பிய ஆரவாரம் அந்தப் புல்வெளி அதுவரை கேட்டிராதது. கோப்பையில் முதல் பெயராக ஹமிட்டின் பெயர் இருக்கிறது, இன்றும் படிக்கலாம்.

திங்கட்கிழமை அலுவலகம் திறக்கும் முன்பே போனேன். எங்கள் நடைவழித் தரையில் இரண்டு பித்தளைப் புள்ளிகள் பதிக்கப்பட்டிருக்கும். அவற்றுக்கிடையே உள்ள தூரம் துல்லியமாகத் தெரிந்த ஒன்று. நாடாவில் ஐயம் எழுந்தால் அதை அங்கே நீட்டிச் சோதித்து, பதிவேட்டில் முடிவை எழுதி, அளவையாளர் கையெழுத்திட வேண்டும். ஹமிட் எனக்கு முன்பே வந்து நாடாவை நீட்டி வைத்திருந்தார். குனிந்து பார்த்தேன். மயிரிழைகூட வித்தியாசமில்லை.

பதிவேட்டைத் திறந்து பேனாவை நீட்டினார். "எழுதுங்க, துவான். நாடா நல்ல நாடா."

"சனிக்கிழமை வேறு சொன்னீரே."

"நாடாவுக்கு வாய் இல்லை, துவான், கோவிச்சுக்காது. வெள்ளைக்காரங்க முன்னாடி என்ன வேணும்னாலும் சொல்லலாம்." விரலால் பதிவேட்டைத் தட்டினார். "இதுல பொய் எழுதக் கூடாது."

'பிழையில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அவரிடம் மன்னிப்புக் கேட்கத்தான் அத்தனை காலையில் போனேன். கேட்கவில்லை. அவர் நாடாவுக்கு எண்ணெய் தடவத் தொடங்கிவிட்டார்.

அடுத்த மாதம் கார்வெல் புறப்பட்டார். வரிசையில் நின்ற ஒவ்வொருவரிடமும் விடைபெற்றார். ஹமிட்டின் கையை இரு கைகளாலும் பற்றினார். என் கையை ஒரு கையால் குலுக்கினார். முறையான கைகுலுக்கல், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

அதன் பிறகு நான் படிப்படியாக உயர்ந்து அந்த அலுவலகத்தின் தலைவனாகவே ஓய்வு பெற்றேன். அலுவலகத்தில் அளவை எங்காவது ஒத்துவராவிட்டால், "பீத்தா ஹமிட்டா?" என்று கேட்டுச் சிரிப்பது வழக்கமாகிவிட்டது. ஹமிட்டின் நாடாவா என்று பொருள். அவர் இருக்கும்போதும் சொன்னார்கள், அவரும் சிரித்தார். ஓய்வு பெற்ற பின்னும் சொன்னார்கள்; மறைந்த பின்னும் சொல்கிறார்கள். என் அறைக்கதவு திறந்திருக்கையில் எத்தனையோ முறை அது என் காதில் விழுந்திருக்கிறது. ஒருமுறையும் நான் எழுந்து வந்து திருத்தவில்லை.

இவ்வாண்டு விருந்தில் ஹமிட்டின் மகள் என் மேசையில் அமர்ந்திருந்தார். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருவர் அந்தக் கேலியை அவர் காதுபடவே சொன்னார். அவர் மரியாதைக்குப் புன்னகைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அப்பாவுக்கு அந்த நாடாவைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கிற பழக்கம், துவான். அது எப்படிக் கெட்டுப்போச்சுன்னு நாங்க எத்தனையோ தடவை கேட்டோம். சிரிப்பாரே தவிர, சொல்லவே மாட்டார். உங்களுக்குத் தெரியுமா?"

அவரிடம் சொன்னேன். இங்கே சொன்ன அனைத்தையும், இதே வரிசையில். அவர் இறுதிவரை கேட்டார். பிறகு ஒன்றே ஒன்று சொன்னார்: "இதை எழுதிக் கொடுங்க, துவான். என் பிள்ளைங்க படிக்கணும்."

ஆகவே, துறையின் ஆவணங்களில் எழுதும் முறையிலேயே எழுதுகிறேன். வைத்திலிங்கம் நினைவுப் போட்டியின் முதல் ஆண்டில், ஏழாம் குழியில் பயன்படுத்தப்பட்ட எஃகு நாடா பிழையற்றது. அதைப் பராமரித்தவர் பிழையற்றவர். பிழையாக அளந்ததும், கேட்டபோது வாய் திறவாமல் நின்றதும் நான்.

நடேசன், நில அளவையாளர்.